‘வெக்கை’ படித்தேன், அடுத்து எதை எடுக்கலாம்?

பாக்கெட்நாவல்பிரியன்:
நான் துப்பறியும் கதை ஆள். பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் பாக்கெட் நாவல்தான் படித்து வளர்ந்தது. முதல் அத்தியாயத்தில் பிணம், கடைசியில் கைவிலங்கு, நடுவில் யார் யார் மேலெல்லாமோ சந்தேகம். இப்படிப்பட்டவனிடம் மருமகள், எழுத்தாளர் பூமணியின் ‘வெக்கை’ நாவலைக் கொடுத்து, “இதுவும் கொலைக் கதைதான் மாமா” என்றாள்.

கொலை இருக்கிறது, எடுத்த எடுப்பிலேயே. சிதம்பரம் என்கிற பையன், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் எடுக்கத்தான் நினைத்திருந்தான், ஆளே போய்விடுகிறான். யார், ஏன் எல்லாம் தெரிந்தாயிற்று. அப்புறம் என்ன மிச்சம்? அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். சோறு பொங்குகிறார்கள், படுக்க இடம் தேடுகிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். போலீஸ் இதோ வரும், அதோ வரும் என்று பக்கத்தைத் தள்ளினேன். வந்தபாடில்லை. எரிச்சலாகிவிட்டது.

பாதிக்கு மேல்தான் ஒன்று உறைத்தது. நான் இத்தனை காலம் படித்த கதைகளில் கொலைகாரனுக்குப் பசித்ததே இல்லை. இங்கே வெட்டியவனுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அம்மா நினைப்பு வருகிறது. அதற்கப்புறம் போலீஸ் வந்துவிடக் கூடாதே என்று படிக்க ஆரம்பித்துவிட்டேன். நான், போலீஸ் கட்சிக்காரன்!

சரி, இந்த வகையில் இன்னொன்று சொல்லுங்கள். ஊர்ப்பேச்சு கொஞ்சம் குறைவாக இருந்தால் புண்ணியம்.

கரிசல்மண்:
அண்ணே, பூமணி கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிப்பட்டிக்காரர். எங்கள் பேச்சை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், தானாகப் பிடிபடும். அடுத்து அவருடைய ‘பிறகு’ நாவலை எடுங்கள், 1979இல் வந்தது. செருப்புத் தைக்கிற அழகிரியின் வாழ்க்கை. கொலையைச் சுற்றின கதை இல்லை. அவருடைய ‘அஞ்ஞாடி’ நாவலுக்கு 2014இல் சாகித்ய அகாதெமி கிடைத்தது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். இப்போது வேண்டாம்.

ஜன்னல்சீட்டு:
எனக்கு ‘வெக்கை’ ஒத்துவரவில்லை. நாலு ஸ்டாப் போவதற்குள் ஏதாவது நடக்க வேண்டாமா?

முதல்நாள்முதல்ஷோ:
‘வெக்கை’யை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்தீர்களா அண்ணே? அதில் அப்பாவுக்கு ஒரு பெரிய முன்கதை சேர்த்திருப்பார்கள்.

பாக்கெட்நாவல்பிரியன்:
2019இல் தியேட்டரிலேயே பார்த்து விசிலடித்தவன் தம்பி நான். படம் தனுஷ் தோளில் போகிறது. புத்தகம் பையன் கூடவே நடக்கிறது. ஆனால் கோர்ட்டில் சரணடையப் போவதோடு பூமணி கதையை நிறுத்திவிட்டாரே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஜாமீன் கிடைத்ததா இல்லையா, அதையாவது சொல்லியிருக்கலாம்.

கரிசல்மண் தம்பி, ‘பிறகு’ நூலகத்தில் இருக்கிறதா என்று சனிக்கிழமை பார்க்கிறேன். கொலை இல்லை என்கிறீர்கள், அதுதான் கொஞ்சம் இடிக்கிறது.