சவுண்ட் ஆஃப் மியூசிக் பேருந்துச் சுற்றுலா: அம்மாவின் பாட்டை நிறுத்திவிட்டேன்

ஜெலுத்தோங் மகள்:

சவுண்ட் ஆஃப் மியூசிக் படம் எடுத்த ஆஸ்திரிய ஊரான சால்ஸ்பர்க்குக்குப் போய் வந்தவர்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள். மிராபெல் தோட்டம், குதிரைச் சிலை நீரூற்று, பிள்ளைகள் குதித்து ஏறும் படிக்கட்டு, இதையெல்லாம் நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. மோண்ட்சே போகும் வழியில் பேருந்துக்குள் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பதினோரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது.

அம்மாவுக்கு 74 வயது. பினாங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவர். படம் இங்கே திரைக்கு வந்தபோது வகுப்பு வகுப்பாக வரிசையில் நடந்து போய்ப் பார்த்தார்களாம். அப்பா காலமான பிறகு கோயிலைத் தவிர எங்கும் வரமாட்டேன் என்றிருந்தவர், இந்த ஒரு ஊருக்கு மட்டும் உடனே சரி என்றார்.

வழிகாட்டி நல்ல மனிதர். நகரத்தைத் தாண்டிச் சாலை ஏரிகளின் பக்கம் ஏறத் தொடங்கியதும் படத்தின் பாட்டுகளை ஒலிக்கவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. எடெல்வைஸ் என்ற பாட்டு வந்தது. அம்மா பாடத் தொடங்கினார். முணுமுணுப்பு இல்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மேடையில் நிற்பவரைப்போல் பாடினார். ஆனால் அது நாம் கேட்ட பாட்டாக இல்லை. சொற்கள் சரியாக இருந்தன, மெட்டு மட்டும் கீழே எங்கோ தனியாகப் போனது. முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, "வேண்டாம் அம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றேன்.

அந்த வரியின் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. நான் பிடித்ததில் கீழே இறங்கிவிட்ட வளையலை மேலே தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பாட்டு தள்ளி, எல்லாரும் சேர்ந்து பாடுங்கள் என்றார் வழிகாட்டி. பேருந்தே பாடியது. திரும்பிப் பார்த்த அந்த இரண்டு பேரும் கைதட்டிப் பாடினார்கள். "நீங்களும் பாடுங்கள் அம்மா" என்றேன். தொண்டை கட்டியிருக்கிறது என்றார். மோண்ட்சே தேவாலயத்தில், கல்யாணக் காட்சி எடுத்த அந்த நீளமான நடைபாதையில், எனக்கு முன்னால் பேசாமல் நடந்தார்.

இப்போதும் சமையலறையில் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். நான் உள்ளே போனால் நின்றுவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்:

அக்கா, உங்கள்மேல் தவறில்லை. தவறெல்லாம் அந்தச் சுற்றுலாவின்மேல்தான். 2019-இல் மனைவியோடு போனேன். படத்தில் மரியா பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் கேப்டனின் வீட்டைப் பார்க்கலாம் என்று ஆசையாகப் போனவள் அவள். வீட்டின் முன்பக்கம் ஃபுரோன்பர்க் மாளிகை. ஏரியைப் பார்த்த பின்பக்கம் லியோபோல்ட்ஸ்க்ரோன் ஏரிக்கரை. உள்ளே இருக்கும் கூடமும் மாடிப்படியும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். "அப்படியானால் அந்தக் குடும்பம் எங்கேதான் இருந்தது?" என்று கேட்டாள். உண்மையான வீடு ஐகன் என்ற பகுதியில் இருக்கிறது, நாங்கள் போன பேருந்து அந்தப் பக்கமே போகவில்லை. அவள் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

ஹெல்ப்ருன் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கும், படத்தில் வரும் கண்ணாடி மண்டபமும் அப்படித்தான். முதலில் வேறு இடத்தில் இருந்ததைப் பிற்பாடு அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கதவு பூட்டியே இருக்கிறது. பெஞ்சுக்குப் பெஞ்சு தாவி ஆடும் காட்சியோ ஸ்டூடியோவில் இதைவிடப் பெரிதாகக் கட்டிய இன்னொரு மண்டபத்தில் எடுத்தது. எடெல்வைஸ் ஆஸ்திரிய நாட்டுப்பாட்டு என்று பேருந்தில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது 1959-இல் நியூயார்க்கில் அரங்கேறிய மேடை நாடகத்துக்காக ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் எழுதியது. ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டும் அதுதான்.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பேருந்து டிக்கெட் வாங்காதீர்கள். மிராபெல் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. காலையில் கூட்டம் வருவதற்குமுன் போனால் படிக்கட்டு முழுவதும் உங்களுக்குத்தான், மேல்படியில் நின்றால் கோட்டை நேராகத் தெரியும். அங்கிருந்து ஆற்றைக் கடந்து பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம். குடும்பம் கடைசியாக மேடையேறிப் பாடும் காட்சியைப் பாறையைக் குடைந்து அமைத்த பழைய குதிரைப்பள்ளி அரங்கில் எடுத்தார்கள். சால்ஸ்பர்க் இசைவிழா அரங்கத்தாரே உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள். ஹெல்ப்ருன்னுக்கு நகரப் பேருந்து இருக்கிறது. ஜூன் மாதமானாலும் மழைக்கோட்டு வேண்டும், நம் ஊர் வெயிலை நினைத்துக்கொண்டு மெல்லிய சட்டையோடு கிளம்பாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இரண்டு வேளைக்கு ஏதாவது கட்டி எடுத்துப் போங்கள். வயதானவர்களுக்குக் கல் பாவிய தெருக்களில் கால் வழுக்கும், நல்ல செருப்பு முக்கியம். மோண்ட்சே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். தேவாலயம் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் தனியாகப் போங்கள்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

பிரிக்பீல்ட்ஸ் ஐயா, உங்கள் மனைவியின் வருத்தம் புரிகிறது. ஆனால் செட் என்பதால் எல்லாம் ஏமாற்று என்று எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1969-இல் சாந்தி நிலையம் வந்தபோது நான் சிறுமி. குறும்புப் பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குக் காஞ்சனா டீச்சராக வருவார். அந்த வீடு எந்த ஸ்டூடியோவில் இருக்கிறது என்று நம்மில் யாராவது கேட்டோமா? பிறகு நான் டீச்சர் ஆனதற்கே அந்தப் படம் ஒரு காரணம்.

உண்மைக் கதை வேண்டுமானால் அதுவும் அந்த ஊரிலேயே இருக்கிறது. மரியா அந்தக் குடும்பத்துக்குப் போனது உடல்நலமில்லாத ஒரு பெண் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க. கல்யாணம் நடந்தது மோண்ட்சேயில் இல்லை, 1927-இல் சால்ஸ்பர்க்கில் இருக்கும் நோன்பெர்க் கன்னியாஸ்திரி மடத்தின் தேவாலயத்தில். 1938-இல் அவர்கள் நாஜிகளிடமிருந்து மலையேறித் தப்பவும் இல்லை, ரயிலில் இத்தாலிக்குப் போனார்கள். படத்தில் காட்டுவதுபோல் அந்த மலையைத் தாண்டியிருந்தால் ஜெர்மனியில்தான் போய் இறங்கியிருப்பார்கள்.

எங்கள் பேருந்து மடத்தைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போய்விட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை, மாலையில் தனியாகப் படியேறிப் போனேன். பிள்ளைகள் மரியாவைத் தேடி வந்து மணியடிக்கும் கேட்டு அங்கேதான் இருக்கிறது, அந்தக் காட்சியை அங்கேயே எடுத்தார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பெண் துறவிகள் இருந்துவரும் மடம் அது. தேவாலயத்தில் நானும் ஒரு முதியவரும் மட்டும் இருந்தோம். விளக்கு மங்கல். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து கன்னியாஸ்திரிகள் பாடத் தொடங்கினார்கள். ஒரே குரல், பக்கவாத்தியம் கிடையாது. எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. இடையில் ஒருவருக்கு இருமல் வந்து அவர் மட்டும் நிறுத்தியபோதுதான் அது பல குரல் என்றே பிடிபட்டது. அந்த இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜெலுத்தோங் தங்கைக்கு ஒரு கேள்வி. உங்கள் அம்மா பள்ளிப் பாடகர் குழுவில் இருந்தாரா? நானும் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். எங்களை இரண்டு வரிசையாக நிறுத்துவார்கள். முன்வரிசை மெட்டைப் பாடும். பின்வரிசைக்கு இரண்டாம் குரல், அது மெட்டுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு போகும். பின்வரிசைக்காரி தனியாகப் பாடினால் கேட்பவருக்குப் பாட்டுத் தெரியாதவள் பாடுவதுபோலத்தான் இருக்கும். முதுகை நிமிர்த்தி, மடியில் கைவைத்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

செந்தூல் வேன் ஓட்டுநர்:

நான் சால்ஸ்பர்க் பார்த்ததில்லை. இங்கே மலேசியாவில் சினிமா எடுத்த இடங்களைக் காட்டிப் பிழைப்பவன். 2007-இல் பில்லா வந்தது, 2016-இல் கபாலி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்த இடம் எங்கே, இந்த இடம் எங்கே என்று கேட்காத நாளில்லை. முதல் இடம் எப்போதும் பத்துமலை. 272 படி, 42.7 மீட்டர் முருகன். படிகளுக்கு வண்ணம் அடித்தது 2018-இல்தான். அதனால் இளைஞர்கள், "பில்லா பாட்டில் படி இப்படி இல்லையே அண்ணா" என்பார்கள். பொறுமையாக விளக்கிச் சொல்வேன்.

ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. தாத்தாவுக்கு 80 வயது இருக்கும். மற்றவர்கள் படியேறப் போனார்கள், அவர் என்னோடு வேனில் இருந்தார். "தம்பி, காப்பார் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்றார். அவருடைய சித்தப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து, காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். திரும்பவே இல்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பழைய கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். தோட்டத்தின் பெயரைப் பென்சிலில் எழுதியிருந்தது, பாதி அழிந்துவிட்டது. நான், "இன்றைக்கு நேரமில்லை ஐயா, அடுத்து இரட்டைக் கோபுரம் போக வேண்டும்" என்றேன். சரி தம்பி என்று கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம். தோட்டமெல்லாம் இப்போது செம்பனை ஆகிவிட்டிருக்கும், வீடும் இருக்காது. ஆனாலும் அந்த மண்ணில் அவரை இறக்கிவிட்டிருப்பேன். யாரும் என்னைத் திட்டியிருக்கமாட்டார்கள். அக்கா எழுதிய வளையல் விஷயத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் உறைதான் கண்ணில் வந்தது.

பாயான் லெப்பாஸ் அண்ணி:

நானும் அந்தப் பேருந்தில் போயிருக்கிறேன். எனக்கு வாந்தி வந்தது, அதைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

ஜெலுத்தோங் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியது வேறு. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எதிரே போய் உட்காராதீர்கள். அந்தக் காலத்து அம்மாக்களுக்கு அது கூச்சமாக இருக்கும், "ஒன்றுமில்லையே" என்று முடித்துவிடுவார்கள். என் மாமியாரிடம் நான் பட்ட அனுபவம் இது. நீங்கள் சமையலறையில் அவர் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குங்கள். நறுக்கிக்கொண்டே நீங்கள் பாடுங்கள். தப்பாக இருந்தாலும் பாடுங்கள். அவர் திருத்த வருவார். திருத்தினால் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள், உடனே கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். பள்ளியில் கூடப் படித்தவர்கள் யாராவது ஜார்ஜ்டவுனில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஓட்டுநர் தம்பி, அந்தக் குடும்பத்தின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்குமே. காப்பார் போய் நாலு படம் எடுத்து அனுப்புங்கள். அங்கே கோயில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதையும் எடுங்கள். தோட்டம் போனாலும் கோயிலை அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார்கள் நம்மவர்கள்.

செந்தூல் வேன் ஓட்டுநர்:

எண் இருக்கிறது அண்ணி. செவ்வாய்க்கிழமை எனக்குச் சவாரி இல்லை. போகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்:

டீச்சர் சொன்ன மடத்துக்குப் போகாமல் வந்துவிட்டோம். படியைப் பார்த்து நான்தான் வேண்டாம் என்றேன். இன்று மனைவியிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன், இருமல் வரும் இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். செட் பற்றி நான் எழுதியது அத்தனையும் உண்மைதான், அதில் மாற்றமில்லை. பேருந்து வேண்டாம் என்றதும் அப்படியே இருக்கட்டும்.

ஜெலுத்தோங் மகள்:

டீச்சர், நேற்று இரவு கேட்டேன். அண்ணி சொன்னபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டுதான் கேட்டேன். "பள்ளியில் நீங்கள் எந்த வரிசை அம்மா?"

"பின்வரிசை" என்றார். ஐந்தாம் படிவம் வரைக்கும் இரண்டாம் குரல். முதல் குரல் தனக்குத் தெரியவே தெரியாது, சிஸ்டர் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் ஒருத்தி பாடினால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்றார். "பேருந்தில் ரேடியோ பாடியதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்" என்றார்.

பக்கத்தில் நின்று பாடியவர் யார் என்று கேட்டேன். டத்தோ கிராமட் பக்கம் இருந்த சீனப் பெண்ணாம், கல்யாணமாகி பெர்த் போய்விட்டாராம், பண்டிகைக்கு அட்டை வரும்போது இரண்டு வரி எழுதியிருப்பாராம்.

எனக்கு மெட்டு தெரியும், படம் பார்த்துப் பார்த்தே பாடமாகிவிட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு நான் முதல் வரியைப் பாடினேன். அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டார்.