புதுப்பிப்பு: பழைய டிவியில் செட்டாப் பாக்ஸ், படம் கருப்பு வெள்ளையில் வந்தால்

மூன்று வண்ண ஏவி கேபிளை (மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு) பழைய சிஆர்டி டிவியில், அதாவது பின்புறம் பெருத்த பிக்சர் டியூப் டிவியில், செருகுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதில் விடுபட்டவை இவை.

படம் தெளிவாக இருந்தும் நிறம் வரவில்லையா? பாக்ஸின் வீடியோ அமைப்பில் என்டிஎஸ்சி (NTSC) இருக்கும்; நம் ஊர் டிவிகளின் வண்ண முறையான பிஏஎல் (PAL) ஆக்குங்கள். ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் பாக்ஸில் திரை விகிதத்தை 16:9-லிருந்து 4:3 ஆக்கினால் போதும்.

பாக்ஸில் ஏவிக்கு ஹெட்போன் துளை போன்ற 3.5 மி.மீ. துளை மட்டும் இருந்தால் கவனம். கடையில் வாங்கும் கேபிளின் முனையில் மூன்று கருப்பு வளையங்கள் இருந்தும், உள்ளே வீடியோ, எர்த் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றல்ல. படம் வராமல் ஸ்பீக்கர் உறுமினால், சிவப்பு முனையை டிவியின் மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் வரிசைதான் மாறியிருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் வராவிட்டால் எர்த் வளையமே வேறு. பாக்ஸோடு வந்த கேபிள்தான் வேண்டும்.

எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பாக்ஸுக்கு ‘எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி’ கன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள். எதிர்த்திசையில் வேலை செய்யும் மாடலும் பார்க்க அதேபோல் இருக்கும், இங்கே அது உதவாது. கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் யூஎஸ்பி மின்சாரம் கொடுங்கள். பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச் இருந்தால் அதையும் பிஏஎல் பக்கம் தள்ளுங்கள்.

ஒரே ஸ்பீக்கர் டிவியில் சிவப்புத் துளை இருக்காது. வெள்ளை மட்டும் போதும். பாக்ஸில் ஆடியோவை மோனோ ஆக்கிவிடுங்கள்.