வீட்டில் வளர்த்த ஃபைட்டர் மீனை விற்க முடியுமா, எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி
வணக்கம். ஊர் திருச்சி. மூன்று வருடமாக மொட்டை மாடியில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். நாலு மாதத்துக்கு முன் ஆண் மீன் கட்டிய நுரைக்கூட்டிலிருந்து 70 குஞ்சுகள் தேறின. ஆண்களை ஒன்றாக விட்டால் வாலைக் கடித்துக் குதறிவிடும் என்பதால் 34 பாட்டிலில் தனித்தனியாக வைத்திருக்கிறேன். ஸ்டேட்டஸில் படம் போட்டதும் எல்லோரும் 'செம' என்றார்கள். ஷெட் போட்டுத் தொழிலாகவே செய்யலாமா?

பதில் 1
தாராளமாகச் செய்யுங்கள். ஆன்லைனில் நல்ல விலை போகிறது.

பதில் 2
தம்பி, ஷெட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். நானும் நண்பர்கள் பாராட்டியதை நம்பி கப்பி மீனுக்காக 12 சிமெண்ட் தொட்டி கட்டினேன். பாராட்டியவர்களில் இரண்டு பேர்தான் வாங்கினார்கள். கடைக்காரர்களோ சென்னை கொளத்தூரிலிருந்து மொத்தமாக எடுக்கிறோம், அந்த விலைக்குத் தர முடியுமா என்று கேட்டார்கள். என்னால் முடியவில்லை. தொட்டி கட்டும் முன்பே அவர்களிடம் போயிருக்க வேண்டும்.

நீங்கள் மீனை விற்கப் போகாமல், முதலில் விசாரிக்க மட்டும் போங்கள். வாரத்துக்கு எத்தனை ஃபைட்டர் போகிறது, எந்த நிறம், கடைசியாக வந்த லோடில் எத்தனை செத்தது? 'என் மீனை வாங்குவீர்களா' என்றால் முகத்துக்காகச் சரி என்பார்கள். போன வாரம் என்ன நடந்தது என்று கேட்டால் உண்மை வரும். ஞாயிறு மாலை ஒரு கடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். அப்புறம் அந்த 'செம' சொன்னவர்களிடம் 50 ரூபாய் முன்பணம் கேளுங்கள். தருகிறவர்தான் வாடிக்கையாளர்.

பெண் மீன்களைக் கணக்கில் சேர்த்தீர்களா? அவற்றுக்கு வால் குட்டை, நிறம் மங்கல். கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஆனால் தீனி எல்லாவற்றுக்கும்தான்.

கேட்டவர்
அண்ணா, நேற்று மூன்று கடைக்குப் போனேன். இரண்டு இடத்தில் பேசவே நேரம் தரவில்லை. மூன்றாவது கடைக்காரர் பிளாஸ்டிக் கப் வரிசையைக் காட்டினார். மீன்கள் சுருங்கிய வாலோடு அடியில் கிடந்தன, இரண்டு ஏற்கனவே செத்திருந்தன. "பயணத்தில் அடிபட்டு வருது, திங்கட்கிழமைக்குள்ள பாதி செத்துப் போயிடுது" என்றார். உள்ளூர் மீன் என்றதும் கொளத்தூர் விலைக்கு மேலே 10 ரூபாய் தருகிறேன் என்றார். முன்பணம் 3 பேர்தான் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை நீலத்தில் 5 ஆண் மீன் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பெண் மீன் ஒன்றுகூட வேண்டாமாம்.