இத்தாலியனில் பாஸ்தாவை எங்கே பிரிப்பது?

பலேர்மோ அம்மா:
மகன் இங்கே இரண்டாம் வகுப்பு. அசை பிரிக்கும் வீட்டுப்பாடத்தில் 'பாஸ்-தா' என்று எழுதியதை டீச்சர் அடித்துவிட்டு 'பா-ஸ்தா' என்று திருத்தியிருக்கிறார். ஆனால் 'நொத்-தே' சரியாம். இரண்டிலும் நடுவில் இரண்டு மெய்தானே? அப்புறம், 'பலேர்மோ' என்று சொல்லும்போது அழுத்தம் நடு அசையில், 'நாபோலி'யில் முதல் அசையில். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

பொலோஞ்ஞா மொழிபெயர்ப்பாளர்:
டீச்சர் திருத்தியது சரிதான் அக்கா. தமிழில் மெய் முந்தின உயிரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நமக்கு 'பாஸ்-தா'தான் வரும். இத்தாலியனில் பார்க்க வேண்டியது, அந்த மெய்க்கூட்டத்தில் ஒரு சொல் தொடங்குமா என்பது. ஸ்தெல்லா, ஸ்த்ராதா இருக்கின்றன. ஆகவே பா-ஸ்தா, ஃபி-னே-ஸ்த்ரா. ப்ராவோ இருப்பதால் லி-ப்ரோ. 'ர்த' என்று எந்தச் சொல்லும் தொடங்காது, பார்-தே என்று உடையும். 'நொத்-தே' போல ஒரே மெய் இரட்டித்தால் யோசிக்கவே வேண்டாம், நடுவில் வெட்டு. மகனிடம் விதியைச் சொல்லாமல், "ஸ்த-வில் தொடங்கும் சொல் ஒன்று சொல்லு" என்று கேளுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வான்.

அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில். கடைசி அசையில் விழுந்தால் மேலே குறி போட்டே ஆகவேண்டும்: சித்தா, காஃப்பே. கடைசியிலிருந்து மூன்றாவதில் விழும்போதுதான் வம்பு, குறி இருக்காது: நாபோலி, மோதெனா, ஜேனொவா, தாவொலோ. பலேர்மோவில் 'லேர்' மெய்யில் மூடியிருக்கிறது. கடைசிக்கு முன்னால் அப்படி மூடிய அசை வந்தால் அழுத்தத்தை அநேகமாக அதுவே எடுத்துக்கொள்ளும். லத்தீனிலிருந்து வந்த வழக்கம். தாரந்தோ, ஓத்ரந்தோ இரண்டும் இதற்கு அடங்காத ஊர்கள், அழுத்தம் முதல் அசையில்.

மாலை வகுப்பு மாணவன்:
வினைச்சொல்லுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒருமையில் அழுத்தம் எங்கேயோ, 'அவர்கள்' என்று வரும்போதும் அங்கேயே நிற்கும். பார்லா, பார்லனோ: இரண்டிலும் 'பார்'தான். தெலேஃபொனா, தெலேஃபொனனோ: இரண்டிலும் 'லே'. பின்னது கடைசியிலிருந்து நான்காவது அசை, கேட்டால் மூச்சுவிடாமல் ஓடும்!

பலேர்மோ அம்மா:
சரி, புரிகிறது. ஃபார்மாசீயா எத்தனை அசை? அரான்சாவிலும் கடைசியில் அதே cia என்ற மூன்று எழுத்துதானே?

பொலோஞ்ஞா மொழிபெயர்ப்பாளர்:
ஃபார்-மா-சீ-யா, நான்கு. அழுத்தம் அந்த 'இ' மேலேயே விழுவதால் அது தனி அசை. அரான்சாவில் அதே 'இ' ச-ஒலிக்காக மட்டும் எழுதப்படுகிறது; ஆ-ரான்-சா, மூன்று. பன்மையில் பாருங்கள்: ஃபார்மாசீயே-யில் 'இ' அப்படியே இருக்கும், அரான்சே என்று எழுதும்போது போய்விடும்.