மின்சார காரிலிருந்து மறுபடியும் பெட்ரோலுக்கு மாறியவங்க இருக்கீங்களா?

அண்ணன்மாருக்கு வணக்கமுங்க. ஓட்டுவது பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் மின்சார கார். 530 பிஎஸ் திறன், 3.8 நொடியில் நூறு கி.மீ. வேகம். சேலம் நெடுஞ்சாலையில் அந்தப் பாய்ச்சலுக்கு ஈடே இல்லை. ஆனால் ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் என்ஜின் சத்தத்துக்கு மனசு ஏங்குகிறது. இரண்டு டன்னுக்கு மேலான எடையும் நன்றாகவே தெரிகிறது.

அதனால் பிஎம்டபிள்யூ எம்340ஐ என்ற பெட்ரோல் காரைப் பார்க்கிறேன். ஆறு சிலிண்டர், அதுதான் ஆசை. இறக்கத்தில் மின்சார கார் தானே வேகத்தைக் குறைத்து பேட்டரியையும் நிரப்பிக்கொள்ளும். அந்தப் பழக்கத்துக்கு அப்புறம் பெட்ரோலில் கியரைக் குறைத்து இறங்குவது சிரமமாக இருந்ததா? 20% எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் எவ்வளவு வருகிறது? முக்கியமாக, கோவை, ஈரோடு பக்கம் பழைய மின்சார காருக்கு நியாயமான விலை யார் தருகிறார்கள்? சொல்லுங்க, அடுத்த மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.