புதுப்பிப்பு: கே-1 வேண்டாம் என்று சிஆர்-1க்கே போனோம்

முன்பு கேட்டிருந்தேனே, நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் வேறு நாட்டுக்காரர், அவருடைய நாட்டிலேயே கல்யாணம் செய்துகொண்டு துணைவர் விசாவான சிஆர்-1 எடுப்பதா, இல்லை நிச்சயிக்கப்பட்டவருக்கான கே-1 விசாவில் அழைத்து வந்து 90 நாளுக்குள் இங்கே கல்யாணம் செய்வதா என்று. அங்கேயே செய்துகொண்டோம், கணவரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவும் போட்டோம். கே-1 என்றால் கல்யாணத்துக்கு அப்புறம் நிரந்தர வசிப்புரிமை கேட்டு ஐ-485 விண்ணப்பம், அதற்குத் தனிக் கட்டணம், வேலை அனுமதி வரும்வரை அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை. சிஆர்-1இல் வந்தால் இறங்கிய நாளிலிருந்தே நிரந்தர வசிப்புரிமை.

ஐ-130 முடிவுக்குக் காத்திருக்கும்போதே துணைவரை அழைத்து வரும் கே-3 விசாவைச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் ஐ-130 முதலில் அனுமதியாகிவிட்டால் கே-3 மனு மூடப்பட்டுவிடும்.

அவருடைய விசா நேர்காணல் போன வாரம் முடிந்தது. கல்யாணச் சான்றிதழில் அவர் பெயரில் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை, அதிகாரி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டாராம். திருத்தக் கடிதம் முன்பே வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தோம். பதிவான அன்றே எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள், தயவுசெய்து.

கல்யாணமாகி 2 வருடம் ஆகாததால் முதலில் 2 வருட நிபந்தனை கிரீன் கார்டுதான். அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்டு ஐ-751 மனு போட வேண்டும், தேதியைக் குறித்துவிட்டேன். டிக்கெட்டும் போட்டாச்சு.