புதுப்பிப்பு: தைத்து முடித்த குவில்ட்டை மடிப்புத் தழும்பு விழாமல் பார்சல் கட்டுவது

லாங்ஆர்ம் மெஷினில் (குவில்ட் தைப்பதற்கான பெரிய தையல் மெஷின்) தைத்துக் கொடுக்கும் குவில்ட்டுகள், அதாவது இரண்டு துணிகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள், தபாலில் போய்ச் சேரும்போது மடிப்புக் கோடு விழுந்துவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, மூலைவாட்டில் மடிக்கச் சொன்ன யோசனைதான். நூலோட்டத்தின் போக்கில் மடிக்காததால் பருத்தித் துணியில் கோடு ஆழமாகப் பதியவில்லை, மடிப்புகளுக்குள் டிஷ்யூ தாளையும் சுருட்டி வைத்தேன். அப்புறம் மழைக்குப் பாதுகாப்பாக ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள்ளேயே முகவரிச் சீட்டு, மேலே ஓர் அட்டை. பெட்டியைத் திறப்பவர் கத்தி குவில்ட்டில் படாமல் இருக்க இந்த அட்டை கட்டாயம் வேண்டும்!

காற்றை உறிஞ்சும் பை வேண்டாம், உள்ளே இருக்கும் பஞ்சு தட்டையாகிவிட்டது.

எதிர்பாராதது கட்டணம். எடை குறைவுதான், ஆனாலும் பெட்டி பெரிது என்று அளவைக் கணக்கிட்டு அதிகம் வாங்கினார்கள். சிறிய பெட்டிக்கு மாறிவிட்டேன்.